பழைய காரில் பஃப் மிஷின் போட்ட சுழல் தடங்களை எடுப்பது: முழு வழிகாட்டி

கம்பவுண்டு (பெயின்டை வெட்டித் தேய்க்கும் முரட்டு பாலிஷ்) போட்டு பஃப் அடித்து முடித்த வண்டி, ஷெட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று நிற்கும். வெயிலுக்கு வந்ததும் பானட்டிலும் டிக்கியிலும் வெளிறிய பட்டைகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். பார்ப்பவர் நகர்ந்தால் பட்டைகளும் நகரும். கறுப்பு, கருநீலம், மெரூன் வண்டிகளில் அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையிலும் இருக்கும், கண்ணுக்குத்தான் சிக்காது. மறுபூச்சு செய்து எடுத்த அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று எந்தப் பழைய வண்டியானாலும், டெலிவரி அன்றே இந்தத் தடங்களும் சேர்ந்து வருவது சகஜம்.

இவை ஆழமான கீறல்கள் அல்ல. பெயின்ட் கெடவில்லை, பாலிஷ் வேலை பாதியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கம்பவுண்டு கட்டம் முடிந்து, மெல்லிய பாலிஷ் கட்டம் நடக்காமலே மெழுகு பூசி அனுப்பியிருப்பார்கள். அதே பட்டறையில் கொடுத்து "இன்னொரு தடவை நல்லா அடிங்க" என்றால் அதே மிஷின், அதே கம்பளி பேட், அதே கம்பவுண்டு. பெயின்ட் இன்னும் கொஞ்சம் தேயும், தடம் புதுசாக விழும். பெரும்பாலான வண்டிகளுக்கு மெல்லிய பாலிஷும் மென்மையான ஃபோம் பேடும், சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டிஏ (டூயல் ஆக்ஷன்) மிஷினும் போதும். கம்பவுண்டு டப்பாவைத் திறக்கவே தேவைப்படாது.

தடம் எப்படி விழுகிறது

ரோட்டரி பஃப் மிஷினில் பேட் ஒரே அச்சில் சுற்றுகிறது. 7 இன்ச் பேட் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால், அதன் ஓரம் நொடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தில் பெயின்டை உரசுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பவுண்டின் துகளும் கம்பளியின் இழையும் நீண்ட வளைகோடுகளாக ஒரே திசையில் கீறிக்கொண்டே போகும். பேடைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்க ஓரம் மட்டும் அழுந்தி உழும். இப்படி ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் இணையாகக் கிடப்பதால் வெளிச்சம் ஒரு கோணத்தில் மொத்தமாகச் சிதறுகிறது. நகரும் பட்டையாக நாம் பார்ப்பது அதைத்தான். தொழிலில் இதற்கு ஹோலோகிராம் என்று பெயர்.

டிஏ மிஷினில் பேட் சுற்றுவதோடு, மையம் விலகிச் சின்ன வட்டங்களாக ஆடவும் செய்கிறது. 15 மி.மீ. ஆட்டமுள்ள மிஷினை நிமிடத்துக்கு 4500 ஆட்டம் என்று வைத்தால், அந்த ஆட்டத்தின் வேகம் நொடிக்கு மூன்றரை மீட்டர்தான். துகள் போகும் பாதையும் ஓயாமல் திசை மாறுகிறது. ஒழுங்கான கோடு விழ வழியில்லை. ரோட்டரியை விட மெதுவாகத்தான் வெட்டும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

கிரைண்டரில் பஃப் மாட்டி அடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. 4 இன்ச் கிரைண்டர் சுமார் 11,000 ஆர்பிஎம்மில் ஓடுவது, வேகத்தைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. பெயின்ட் பக்கமே அதைக் கொண்டுபோகக்கூடாது.

வெயிலில் தெரியும் எல்லாமே பஃப் தடம் அல்ல. சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்டமாகத் தெரிந்தால் அது தூசித் துணியால் துடைத்தும் கழுவியும் விழுந்த கீறல். உண்மையில் அந்தக் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும் நேர்கோடுகள்தான், வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றும். இதற்கும் மெல்லிய பாலிஷ் பல நேரம் போதும். நேராக, ஒரே பக்கமாக, தனித்தனியாக எண்ணிவிடக்கூடிய கோடுகள் தெரிந்தால் அவை வாட்டர் பேப்பர் (நீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) கோடுகள். அவை ஆழமானவை. அந்த இடத்துக்கு மட்டும் கம்பவுண்டு வேண்டும்.

எந்த பெயின்ட் என்று முதலில் பாருங்கள்

பழைய வண்டியில் மூன்று விதம் எதிர்ப்படும். பட்டறைகளில் டியூக்கோ என்று சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) இல்லாமல் நிறமே மேற்பூச்சாக இருக்கும் எனாமல் அல்லது 2கே (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட்), அடியில் நிறமும் மேலே கிளியர் கோட்டும் அடித்த 2கே. ஒரே வண்டியில் கதவு ஒரு விதமாகவும் மட்கார்டு வேறு விதமாகவும் இருப்பது புதுமை இல்லை. அதனால் பேனல் பேனலாகச் சோதிக்க வேண்டும்.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மெல்லிய பாலிஷ் எடுத்து, கதவின் கீழ்ப்பகுதி போல மறைவான இடத்தில் கையால் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் கிளியர் கோட் கிடையாது. ஏறாவிட்டால் கிளியர் கோட் இருக்கிறது. அடுத்து, கண்ணில் படாத இடத்தில், கதவைத் திறந்தால் தெரியும் உள் விளிம்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள், துணி நுனியில் தின்னர் தொட்டு ஒரே ஒரு முறை தடவிப் பாருங்கள். உடனே கரைந்து ஒட்டினால் நைட்ரோசெல்லுலோஸ் போன்ற லேக்கர் வகை. நன்றாகக் காய்ந்த 2கே அசையாது. பழைய எனாமல் கரையாமல் சுருங்கி நெளியலாம், அதனால் ஒரு தடவலுக்கு மேல் வேண்டாம்.

வித்தியாசம் எதற்கு என்றால், லேக்கர் சூட்டில் இளகும். ரோட்டரியின் சூட்டில் மேற்பரப்பு மிருதுவாகி, பேட் அதை இழுத்துப் பூசிவிடும். 2கே கிளியர் கோட் கடினமானது, சூட்டையும் ஓரளவு தாங்கும், ஆனால் தடம் போக நேரம் எடுக்கும். கிளியர் கோட் இல்லாத பெயின்டில் பேடில் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். அது இயல்பு, பயப்பட வேண்டாம், பேடை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

கிளியர் கோட் இல்லாத மெட்டாலிக் பெயின்ட் மட்டும் வேறு கதை. அதில் அலுமினியச் செதில்கள் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. தேய்த்தால் செதில்கள் வெட்டுப்பட்டு, திட்டுத் திட்டாக நிறம் மாறும். பஃப் தடம் இருந்தாலும் அதில் கையால் மென்மையான கிளேஸ் (வெட்டாமல் மெருகு மட்டும் தரும் எண்ணெய்ச் சத்துள்ள பூச்சு) பூசி விட்டுவிடுவதே உத்தமம்.

பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயம் கலந்த நிறமிகள் இருக்க வாய்ப்புண்டு. மாஸ்க் போடுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள். துடைத்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்க வேண்டாம்.

தடிமன் கணக்கு

தடிமன் மீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவது குருட்டாம்போக்கு. எஃகு பேனலில் வைத்தால் பெயின்டின் மொத்த உயரத்தை மைக்ரானில் காட்டும். இன்றைய கார்களில் ஃபேக்டரி பெயின்ட் மொத்தமே 100 முதல் 150 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதில் கிளியர் கோட் 35 முதல் 50. மனிதத் தலைமுடி சுமாராக 70 மைக்ரான் என்றால் எவ்வளவு குறைவு என்று புரியும். கம்பவுண்டும் வெட்டும் பேடும் சேர்ந்தால் ஒரு முறைக்கு 2 முதல் 5 மைக்ரான் வரை போகலாம். மெல்லிய பாலிஷும் மென்மையான ஃபோமும் 1 மைக்ரானுக்குள் நிற்கும்.

மறுபூச்சு வண்டியில் மீட்டர் ஏமாற்றும். 400, 800, 1500 என்று காட்டினால் பெயின்ட் கனமாக இருக்கிறது என்று குஷியாகிவிடாதீர்கள். அடியில் இருப்பது பட்டி. மேற்பூச்சு 40 மைக்ரானாகவும் இருக்கலாம். சாதாரண மீட்டருக்குப் பட்டியும் தெரியாது, பிரைமரும் தெரியாது, மொத்தம் மட்டும்தான் தெரியும். எனவே அந்த எண்ணை அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், ஒப்பிட மட்டும் வையுங்கள். ஒவ்வொரு பேனலிலும் எட்டுப் பத்து இடத்தில் அளந்து, டேப் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒரே பேனலில் எல்லா இடமும் 180 இருக்க, ஓர் இடம் மட்டும் 90 காட்டினால் அங்கே ஏற்கெனவே யாரோ நிறையத் தேய்த்திருக்கிறார்கள். அந்த இடத்தில் மிஷின் வேண்டாம், கைதான்.

மீட்டர் வைக்க முடியாத இடங்கள்தான் அதிக ஆபத்தானவை. கூர்மையான விளிம்பில் ஈரப் பெயின்ட் இரு பக்கமும் விலகிப்போய்விடுவதால், மெல்லிய படலம்தான் மிஞ்சும். பத்மினியின் பின்பக்க வால் துடுப்பின் மேல் விளிம்பு, அம்பாசடரின் உருண்டையான மட்கார்டு முதுகு, கதவின் மடிப்புக்கோடு, பானட்டின் ஓரம், இவற்றில்தான் பிரைமர் எட்டிப் பார்க்கும். பேட் தட்டையாக உட்கார முடியாமல் மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டில் விழுவதும் இதற்குக் காரணம்.

சாமான்கள்

டிஏ மிஷின் ஒன்று, 8 முதல் 15 மி.மீ. ஆட்டம். 21 மி.மீ. மிஷின் அகலமான தட்டை பேனலுக்கு நன்றாக இருக்கும். பழைய கார்களின் உருண்டை உடம்புக்குச் சின்னதுதான் தோது. 5 இன்ச் ஃபோம் பேடில் மென்மையானது ஆறு, நடுத்தரம் நாலு. முகப்பு விளக்கைச் சுற்றியும் கைப்பிடிக்கு அடியிலும் வேலை செய்ய 3 இன்ச் பேட் இரண்டு மூன்று. பேட் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டினால் பாதி வண்டிக்கு மேல் அழுக்குப் பேடோடு ஓட வேண்டிவரும்.

பேடின் நிறத்தை நம்பாதீர்கள். ரூப்ஸ் கம்பெனியில் வெள்ளை மிக மென்மையானது. லேக் கண்ட்ரி கம்பெனியில் வெள்ளை நடுத்தரப் பாலிஷ் பேட். பொதுவான நிற விதி எதுவும் கிடையாது. கம்பெனி சொல்லும் வரிசையைப் பார்த்து வாங்குங்கள்.

பாலிஷில் இரண்டு ரகம். மென்செர்னா போன்றவற்றில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் பெரிய துகள் போட்ட கோடு அப்படியே நிற்கும். மெகுவையர்ஸ் எம்205 போன்றவற்றில் துகள் ஆரம்பத்திலிருந்தே ஒரே நுணுக்கம். அதில் கடைசிச் சுற்றுகளில் அழுத்தத்தைக் குறைப்பதுதான் மெருகைத் தீர்மானிக்கும். கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாமல் எத்தனை சுற்று என்று முடிவு செய்ய முடியாது.

இவை தவிர, ஓரம் தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி குறைந்தது இருபது, 350 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மேல். ஆட்டோமொபைல் மாஸ்கிங் டேப், பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி (கிளே பார்), பேட் பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒற்றைப் புள்ளியாக எரியும் எல்இடி டார்ச். ட்யூப்லைட்டும் பரந்த பேனல் லைட்டும் தடத்தை மறைக்கும். பாலிஷ் கடைகள் அந்த வெளிச்சத்தில் டெலிவரி கொடுப்பது தற்செயலா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கழுவல், களிமண், டேப்

இரண்டு வாளி வைத்து நடுநிலை ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். ஒன்று ஷாம்புக்கு, ஒன்று கையுறையை அலச. நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிப் பெயின்டைத் தடவினால் நறநறப்பு தெரியும். அங்கெல்லாம் ஷாம்பு நீரை நிறையத் தெளித்து, களிமண்ணை அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். அது வழவழவென்று ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். களிமண் தரையில் விழுந்தால் தூக்கி எறியுங்கள், ஒட்டிய மணல் புதுக் கீறல் போடும். களிமண் மெல்லிய மங்கலை உண்டாக்குவது சகஜம், அடுத்து வரும் பாலிஷில் போய்விடும்.

பழைய பெயின்ட் வறண்டு வெளுத்துப் போயிருந்தால், அதுவும் கிளியர் கோட் இல்லாததாக இருந்தால், மிஷினுக்கு முன் மெகுவையர்ஸ் எண் 7 ஷோ கார் கிளேஸ் போன்ற எண்ணெய்ச் சத்துள்ள கிளேஸைத் தாராளமாகக் கையால் பூசி, ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் துடையுங்கள். நிறம் ஆழமாகத் திரும்பும், பேட் வறண்டு பிடிக்காது. இது தடத்தைப் போக்காது, தற்காலிகமாக மறைக்கும். அந்த நினைவு இருந்தால் ஏமாற்றம் இல்லை.

அடுத்து டேப். குரோம் பட்டை, எழுத்து பேட்ஜ், ரப்பர் பீடிங், கண்ணாடி ரப்பர், கதவு விளிம்பு, உடல் மடிப்புக்கோடுகள் எல்லாவற்றுக்கும். பாலிஷ் ரப்பரில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு எளிதில் போகாது. பழைய வண்டிக்கு அதே அளவு பீடிங் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தேடியவர்களுக்குத் தெரியும். மறுபூச்சு வண்டியில் டேப்பை வேகமாக இழுத்துப் பிய்க்காதீர்கள், ஒட்டாத பெயின்ட் கூடவே வரும். டேப்பைத் தன் மேலேயே மடக்கி, மெதுவாக உரியுங்கள்.

சோதனைக் கட்டம்

முழு வண்டிக்கும் என்ன செய்யப் போகிறோம் என்பது இங்கேதான் முடிவாகிறது. அவசரப்படாமல் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

பானட்டில் தடம் நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் 45 செ.மீ. சதுரத்தை டேப்பால் எல்லை போடுங்கள். இருப்பதிலேயே மென்மையான கூட்டணியிலிருந்து தொடங்குங்கள்: மென்மையான பேடும் மெல்லிய பாலிஷும். நாலு சுற்று ஓட்டித் துடைத்து, ஆல்கஹால் கலவையால் எண்ணெயை எடுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தடம் போய்விட்டதா? வண்டி முழுக்க அதே போதும். பாதி போயிருந்தால் பாலிஷை மாற்றாமல் பேடை மட்டும் நடுத்தரத்துக்கு மாற்றி இன்னொரு சதுரத்தில் பாருங்கள். அதுவும் போதாவிட்டால்தான் பாலிஷை ஒரு படி ஏற்றுவது. பேடையும் பாலிஷையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். இன்னும் ஆழமான கீறல் மிச்சமிருந்தால் அதோடு வாழக் கற்றுக்கொள்வது நல்லது. நூறு சதவிகிதம் கீறலற்ற பெயின்டுக்காக மிச்சமிருக்கும் பாதித் தடிமனைத் தேய்த்துவிட்டால், அடுத்த முறை தேய்க்க ஒன்றும் இருக்காது.

ஆல்கஹால் கலவையை 2கேக்கு 15 முதல் 20 சதவிகிதம், மீதி நீர் என்று வைத்துக்கொள்ளலாம். நைட்ரோசெல்லுலோஸில் ஆல்கஹால் அடர்த்தியாகப் பட்டால் பூச்சை இளக்கும். அங்கே 10 சதவிகிதத்துக்கு மேல் போகாமல், மறைவான இடத்தில் முதலில் தொட்டுப் பார்த்து, தேங்க விடாமல் உடனே துடைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஷாம்பு நீரால் கழுவிப் பார்ப்பது போதும்.

மிஷின் ஓட்டும் முறை

பேனல் நிழலில் இருக்க வேண்டும், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற கறுப்பு பானட்டில் பாலிஷ் போட்டால் அரை நிமிடத்தில் காய்ந்து மாவாகிவிடும். விடிகாலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் பெரிய பேனல்களை முடிப்பது வசதி.

1. புதுப் பேடின் முகம் முழுக்கப் பாலிஷை விரலால் மெலிதாகத் தேய்த்து ஏற்றுங்கள். அதற்குமேல் பட்டாணி அளவில் நாலு சொட்டு. அடுத்தடுத்த சதுரங்களுக்கு மூன்று சொட்டு போதும். அதிகமாக ஊற்றினால் பேட் வழுக்கும், வெட்டாது, தெறிக்கும்.

2. மிஷினை ஓட விடாமலே பேடை நாலைந்து இடத்தில் ஒற்றி, பிறகு மிகக் குறைந்த வேகத்தில் பரப்புங்கள். காற்றில் சுற்றவிட்டுப் பெயின்டில் இறக்கினால் சுவரும் சட்டையும் பாலிஷ் ஆகும்.

3. மிஷின் டயலில் வேகத்தை 6-க்கு 4 அல்லது 5 வரை ஏற்றுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு 4 முதல் 5 கிலோ அழுத்தம். இது எவ்வளவு என்று தெரிய, எடை பார்க்கும் மிஷின் மேல் துணி விரித்து, மிஷினை ஓடவிடாமல் அழுத்திப் பார்த்துக் கையைப் பழக்குங்கள்.

4. குறுக்காக ஒரு சுற்று, நெடுக்காக ஒரு சுற்று. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பாதி மூட வேண்டும். கை வேகம் நொடிக்கு 4 செ.மீ.

5. கடைசி இரண்டு சுற்றில் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். மிஷினின் எடை மட்டும் போதும். வேகத்தையும் ஒரு படி இறக்குங்கள்.

கை வேகத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கணக்குப் போட்டால் தெளிவாகும். 5 இன்ச் பேட் பாதி மூடியபடி 45 செ.மீ. சதுரத்தைக் கடக்க ஏழு வரி வேண்டும், மொத்தம் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். நொடிக்கு 4 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 80 நொடி. நாலு சுற்றுக்கு ஐந்து நிமிடம் தாண்டும். உங்கள் சதுரம் இரண்டு நிமிடத்தில் முடிந்தால் கை ஓடுகிறது, பேட் வேலை செய்யவில்லை.

இன்னொரு சின்னத் தந்திரம்: பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் கறுப்புக் கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணில் பட வேண்டும். மட்கார்டின் வளைவில் பேட் சாய்ந்தாலோ அதிகம் அழுத்தினாலோ சுற்று நின்று, வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் ஓடுவது போலத்தான் இருக்கும், தடம் மட்டும் போகாது. வளைவில் 3 இன்ச் பேடுக்கு மாறுவதே இதற்கு வழி.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் தேய்த்தோ காற்றடித்தோ சுத்தம் செய்யுங்கள். உதிர்ந்த பெயின்டும் காய்ந்த பாலிஷும் பேடில் தங்கினால் அதுவே அடுத்த கீறலுக்கு மூலதனம். மூன்று நாலு சதுரத்துக்கு ஒரு பேடை மாற்றுங்கள். மிச்சப் பாலிஷைத் துடைக்கையில் துணியை நாலாக மடித்து, எடையில்லாமல் தூக்கித் துடைக்க வேண்டும். தேய்த்துத் துடைத்தால் மென்மையான பழைய பெயின்டில் துணியே கோடு போடும்.

டேப் ஒட்டிய விளிம்புகளைக் கடைசியாகக் கையில் முடியுங்கள். டேப்பை எடுத்துவிட்டு, விரலில் மென்மையான ஃபோம் துண்டைச் சுற்றி, விளிம்போடு நீளவாக்கில் பத்துப் பன்னிரண்டு தடவை போதும். விளிம்புக்குக் குறுக்கே தேய்க்க வேண்டாம்.

ஏடாகூடமாகும் இடங்கள்

தடம் போய், அதற்குப் பதில் மெல்லிய பனிமூட்டம் போல வெளிறல் வந்தால், பேடோ பாலிஷோ அந்த பெயின்டுக்கு முரடு. மைக்ரோஃபைபர் பேடில் மென்மையான லேக்கரை அடித்தால் இது நிச்சயம் வரும். மிக மென்மையான ஃபோமும் குறைந்த வேகமும் போட்டு, எடை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டினால் தெளியும்.

சின்னச் சின்னப் பன்றிவால் சுருள்கள் தனித்தனியாகத் தெரிந்தால் பேடில் ஒரு மணல் துகள் மாட்டியிருக்கிறது. மிஷினை நிறுத்திப் பேடை மாற்றுங்கள். அந்தப் பேடைத் துவைத்தாலும் நம்ப வேண்டாம்.

பாலிஷ் பொடியாகப் பறந்தால் பேனல் சூடு, அல்லது பேட் வறண்டுவிட்டது. பேடின் முகத்தில் ஒரு முறை தண்ணீர் தெளித்தால் சரியாகும். பேனல் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பது நல்லது. லேக்கரில் 45 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள், 2கேயில் 60-க்குள் நிறுத்துங்கள். கருவி இல்லையென்றால் புறங்கையை வையுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

பழைய லேக்கரில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் பாலிஷ் உள்ளே இறங்கி வெள்ளைக் கோடாகக் காயும். அங்கே மிஷின் வேண்டாம். ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தால் மென்மையான பிரஷில் கிளேஸ் தொட்டு ஊறவைத்து எடுக்கலாம்.

நிறம் திடீரென்று மாறியோ சாம்பல் திட்டாகவோ தெரிந்தால் பிரைமர் வந்துவிட்டது. இதற்கு பாலிஷில் தீர்வில்லை, பெயின்டரிடம்தான் போக வேண்டும். கிளியர் கோட் வண்டியில் அதற்கு முந்தைய எச்சரிக்கை ஒன்று உண்டு: வெள்ளைத் துணியில் இதுவரை வராத நிறம் வரத் தொடங்கும். அந்த நொடியே மிஷினை எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதத்தில் தடம் திரும்பி வந்தால் இரண்டு காரணங்கள். முதலாவது, தடம் போகவே இல்லை, பாலிஷின் எண்ணெயும் மெழுகும் நிரப்பி மறைத்திருந்தன, நாலு கழுவலில் வெளியே வந்துவிட்டன. ஆல்கஹால் துடைப்பைத் தவிர்த்தவர்களுக்கு இது வரும். இரண்டாவது, புதிதாக அடித்த பெயின்ட். அதில் மிச்சமிருக்கும் தின்னர் வாரக்கணக்கில் மெல்ல ஆவியாகிறது. அப்போது படலம் சுருங்கி, வீங்கி மூடியிருந்த கோடுகள் மறுபடி தெரிகின்றன. நைட்ரோசெல்லுலோஸில் இது அதிகம். புதுப் பூச்சுக்கு இரண்டு மாதமாவது நேரம் கொடுத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குவது உசிதம்.

ரோட்டரி மட்டுமே கையில் இருந்தால்

முடியும், கை பழகியிருக்க வேண்டும். கம்பளியை ஒதுக்கிவிட்டு, மிக மென்மையான ஃபோம் பேட், மெல்லிய பாலிஷ், 600 முதல் 1000 ஆர்பிஎம். பேட் முழுத்தட்டையாக உட்கார வேண்டும். அழுத்தம் கூடவே கூடாது. கடைசிச் சுற்றை முந்தையதற்கு எதிர்த்திசையில் ஓட்டினால் தடம் ஓரளவு கலையும். ஒரே இடத்தில் ஒரு நொடி நின்றாலும் லேக்கர் எரியும். கறுப்பு வண்டிக்கு இந்த வழியை நாங்கள் சொல்ல மாட்டோம். டிஏவை வாடகைக்கு எடுப்பது மலிவு.

சரிபார்ப்பும் மெழுகும்

எல்லாப் பேனலும் முடிந்ததும் ஆல்கஹால் கலவையால் துடைத்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளி, நாலு பக்கமும் நடந்து பாருங்கள். பட்டை நகர்ந்தால் அந்தச் சதுரத்தை மட்டும் மறுபடி மென்மையான பேடில் ஓட்டுங்கள். தடிமன் மீட்டரையும் அதே இடங்களில் வைத்து, டேப்பில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று மைக்ரானுக்கு மேல் குறைந்திருந்தால் எதோ ஒரு கட்டத்தில் அதிகம் வெட்டியிருக்கிறீர்கள்.

லேக்கருக்கும் கிளியர் இல்லாத பெயின்டுக்கும் கார்னூபா மெழுகு போதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை. செராமிக் கோட்டிங் போட யாராவது வற்புறுத்தினால், அதை எடுக்க மறுபடி தேய்க்கத்தான் வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். 40 மைக்ரான் மேற்பூச்சுக்கு அது நல்ல பேரமல்ல. புதுப் பூச்சு என்றால் தின்னர் வெளியேறும் வரை மெழுகையும் தள்ளிப்போடுங்கள்.

பேடுகளை அன்றே வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டுக் கழுவி, முகம் கீழே பார்க்க நிழலில் காய வையுங்கள். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி போட வேண்டாம், இழையில் படிந்து துணி பாலிஷை உறிஞ்சாமல் இழுக்கும்.